வினவும் மாணாக்கர்: தொடக்கக் கல்வியில் தன்னம்பிக்கையும் தன்பொருட்டு உரைத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வியில் நுழையும் மாணவர் தம் ஐயத்தையும் தேவையையும் தயக்கமின்றி எடுத்துரைக்கும் திறன் கல்லூரியில் புதிதாகத் தோன்றுவதன்று. அது தொடக்கப்பள்ளி வகுப்பறையில் உருவாகின்றது. அல்லது அங்கேயே ஒடுங்கிவிடுகின்றது. நன்னூல் வகுத்துக்காட்டும் அறுவகை வினாக்களை அளவுகோலாகக் கொண்டு வகுப்பறைப் பேச்சை நோக்கினால், மாணவர்க்குரிய வினாக்கள் அங்கு அருகியிருப்பது புலனாகும். இந்நிலையை மாற்றுவதில் தமிழ்த்துறைகளுக்குத் தனிப்பொறுப்பு உண்டு என்பதே இக்கருத்துரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: வினா வகைகள், நன்னூல், தொடக்கக் கல்வி, தன்னம்பிக்கை, தன்பொருட்டு உரைத்தல், வகுப்பறைப் பேச்சு

1. முன்னுரை

2021-22 ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வியின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2020 இல் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவியர்க்கு மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் தொடங்கியது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர்க்குக் கதவு திறந்திருக்கின்றது என்பதில் ஐயமில்லை.

கதவைக் கடந்தபின் நிகழ்வது குறித்தே இக்கருத்துரை கவலை கொள்கின்றது. பாடம் விளங்கவில்லை என்று சொல்லத் தயங்கும் முதலாண்டு மாணவர், மதிப்பெண்ணில் பிழை இருக்கலாம் என்று எண்ணியும் மறுமதிப்பீடு கோராதவர், நெறியாளர் காட்டிய திருத்தம் புரியாமலே தலையசைத்துத் திரும்பும் ஆய்வாளர், வாய்மொழித் தேர்வில் தாம் எழுதிய இயலுக்கே விளக்கம் தர நாவெழாதவர் ஆகியோர் தமிழ்த்துறை ஆசிரியர் எவர்க்கும் புதியவரல்லர். இவர்களுள் பலர் அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவரல்லர். தமக்காகத் தாமே பேசும் பழக்கமே அவர்க்கு வாய்க்கவில்லை. தன் ஐயத்தையும் தேவையையும் உரிமையையும் உரியவரிடம் உரிய முறையில் தானே எடுத்துச்சொல்லும் இத்திறன், இங்குத் 'தன்பொருட்டு உரைத்தல்' எனச் சுட்டப்பெறுகின்றது.

2. மரபு காட்டும் மாணாக்கர்

மாணவர் வினவாமை நம் மரபின் விளைவு என்று கருதுவோர் உளர். ஆசிரியர்முன் அடங்கியிருத்தலே தமிழ்க் கல்விமுறை என்னும் எண்ணம் பரவலானது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அதற்கு ஒரு சான்றும் கிடைக்கின்றது. பாடங்கேட்கும் முறையைச் சொல்லுமிடத்துப் பவணந்தியார், இருக்கச் சொன்னபின் இருப்பவனாகவும், சொல்லச் சொன்னபின் சொல்பவனாகவும், ஓவியத்தில் தீட்டிய பாவையைப்போல் அடங்கியவனாகவும் மாணாக்கனைக் காட்டுகின்றார். நம் பள்ளிகள் இறுகப் பற்றிக்கொண்ட உருவம் இந்த ஓவியப்பாவைதான்.

ஆயின் அப்பாயிரம் அங்கு முடிவதில்லை. அடுத்து நூல் பயிலும் இயல்பைக் கூறும் நூற்பாவில், கேட்டதைச் சிந்தித்தல், உடன்பயில்வோருடன் பழகுதல் முதலியவற்றோடு வினவுதலும் பிறர் வினவியவற்றுக்கு விடையளித்தலும் மாணாக்கனின் கடமைகளாக வைக்கப்பெற்றுள்ளன. அவற்றைக் கடமையாகக் கொண்டாலன்றி அறியாமை நீங்காது என்பது அந்நூற்பாவின் கருத்து. அதனினும் வியப்புக்குரியது அடுத்து வரும் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கினாலும் புலமையில் காற்பங்கே கைவரும். உடன்பயில்வோரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிறைவுறும் என்கிறது நன்னூல். கற்றலின் முக்காற்பங்கைப் பேச்சிலும் உரையாட்டிலும் வைத்த இலக்கணம் இது. ஓவியப்பாவையை எடுத்துக்கொண்டு இந்த முக்காற்பங்கை விட்டுவிட்டது நம் தேர்வேயன்றி மரபின் குறையன்று.

திண்ணைப் பள்ளியைக் குறைகளற்ற பொற்காலமாகக் காட்டுவது இதன் நோக்கமன்று. அங்குத் தண்டனைகள் கடுமையாக இருந்தன. பல சாதியார்க்கும் பெண்களுக்கும் இடம் மறுக்கப்பட்டிருந்தது. ஆயினும் மூத்த மாணாக்கர் இளையோர்க்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அங்கு வழக்கிலிருந்தது. சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுத்தெழுதிக் கற்பதைக் கண்டு, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பொறுப்பிலிருந்த இல்லத்தில் அமைத்து, 1797 இல் நூலாகவும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது.

3. வினா எவருடையது?

நன்னூலின் பொதுவியல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கின்றது. உரைமரபு தரும் எடுத்துக்காட்டில் நுட்பமொன்று உண்டு. ஒரு நூற்பாவின் பொருள் யாதென ஆசிரியர் மாணவரைக் கேட்டால் அறிவினா. அதே தொடரை மாணவர் ஆசிரியரிடம் கேட்டால் அறியாவினா. சொற்கள் மாறவில்லை, வினவுபவரே மாறியிருக்கின்றார். வினாவின் வகையை அதன் வடிவம் தீர்மானிப்பதில்லை, வினவுவோரின் நிலையும் நோக்கமும் தீர்மானிக்கின்றன என்னும் இப்பார்வையை இக்கால வகுப்பறை ஆய்வுகள் வேறு வழியில் வந்தடைந்துள்ளன. ஆசிரியர் வினவுதல், மாணவர் விடையிறுத்தல், ஆசிரியர் அதனை மதிப்பிடுதல் என்னும் மும்மைச் சுழற்சியே வகுப்பறைப் பேச்சின் அடிப்படை வடிவம் என்று அமெரிக்க ஆய்வாளர் ஹியூ மெஹான் 1979 இல் வெளியான தம் நூலில் காட்டினார். அச்சுழற்சியில் ஆசிரியர் கேட்பது பெரும்பாலும் விடை தமக்குத் தெரிந்த வினா. அதாவது, நம் இலக்கணம் கூறும் அறிவினா.

இவ்வாறு வகையிட்டு நோக்கினால் நம் வகுப்பறையின் நிலை தெளிவாகும். 'இது என்ன எழுத்து?', 'அரசன் எங்கே போனான்?' என்பன அறிவினாக்கள். 'வீட்டுப்பாடம் முடித்தாயா?' என்பது பெரும்பாலும் ஏவல்வினா. இவை இரண்டும் ஆசிரியர்க்குரியவை. மாணவர்க்குரியவை மூன்று. 'இதன் பொருள் என்ன?' என்னும் அறியாவினா, 'இப்படியா, அப்படியா?' என்னும் ஐயவினா. 'எனக்கு இது கிடைக்குமா?' என்னும் கொளல்வினா. அறியாவினாவும் ஐயவினாவும் அறிவை வளர்ப்பவை. கொளல்வினாவோ தன்பொருட்டு உரைத்தலின் இலக்கண வடிவம். எழுதுபலகை தெரியாத குழந்தை முன்வரிசையில் இடம் கேட்பதும், கழிப்பறைக்குச் செல்ல இசைவு கேட்பதும், மீண்டும் ஒருமுறை சொல்லக் கேட்பதும் கொளல்வினாக்களே. மறுமதிப்பீடு கோரும் விண்ணப்பமும், உதவித்தொகை ஏன் வரவில்லை என்று அலுவலகத்தில் கேட்கும் கேள்வியும், நெறியாளரிடம் கூடுதல் காலம் வேண்டுவதும் அவற்றின் வளர்ந்த வடிவங்களே. முன்னதைக் கேட்டுப் பழகாதவர்க்குப் பின்னது எளிதில் வாய்ப்பதில்லை.

விடை வகைகளிலும் இதே சிக்கல் உண்டு. 'வீட்டுப்பாடம் எழுதினாயா?' என்ற வினாவுக்கு 'நேற்று வீட்டில் மின்சாரம் இல்லை' என்று குழந்தை சொன்னால், இலக்கணம் அதனை உற்றது உரைத்தல் என்னும் விடையாக ஏற்கும். வகுப்பறை பலநேரம் அதனைச் சாக்குப்போக்கு என்று தள்ளுகின்றது. 'கேட்டதற்கு மட்டும் பதில் சொல்' என்று அடக்குகின்றது. தன் வாழ்நிலையைச் சொல்வது விடையாகாது என்று ஏழு வயதில் கற்றுக்கொண்ட குழந்தை, இருபத்தேழு வயதில் ஆய்வு தாமதமானதன் காரணத்தைத் துறைத்தலைவரிடம் சொல்ல வாய் திறக்குமா?

4. தன்னம்பிக்கை உருவாகும் வழி

தன்னம்பிக்கை அறிவுரையால் வருவதன்று. தன் திறன்மேல் ஒருவர் கொள்ளும் நம்பிக்கையை ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977 இல் அதற்கு நான்கு ஊற்றுகளைக் காட்டினார்: தானே செய்து வென்ற பட்டறிவு, தன்னையொத்தோர் வெல்வதைக் காணுதல், பிறர் ஊக்கமொழி, உடல் மன உணர்வுநிலை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. கேட்டேன், கிடைத்தது, ஐயுற்றேன், மதிக்கப்பெற்றேன் என்னும் சிறு வெற்றிகள் குவிந்தே பிற்கால நம்பிக்கை உருவாகின்றது. கேட்டேன், சிரித்தார்கள் என்னும் பட்டறிவும் அவ்வாறே குவிகின்றது. ஒருவர் நகைக்கப்படுவதைக் கண்டு வகுப்பிலுள்ள முப்பது பேரும் வாய்மூடக் கற்கின்றனர் என்பது இரண்டாம் ஊற்றின் மறுபக்கம்.

இப்பழக்கம் குடும்பச் சூழலோடு பிணைந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆன்னெட் லாரோ 2003 இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர வகுப்புக் குழந்தைகள் மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் தயங்காது கேட்கப் பெற்றோரால் பழக்கப்படுவதையும், உழைக்கும் வகுப்புக் குழந்தைகள் நிறுவனங்களின்முன் ஒதுங்கி நிற்பதையும் பதிவுசெய்தார். ஜெசிகா கலார்க்கோ 2018 இல் வெளியிட்ட நூல், தொடக்கப்பள்ளி வகுப்பிலேயே முன்னவர் உதவியைக் கேட்டுப் பெறுவதையும் பின்னவர் ஆசிரியர்க்குத் தொல்லை தரக்கூடாதென்று தாமே முயன்று காத்திருப்பதையும் காட்டியது. கேட்கும் குழந்தைக்கே ஆசிரியரின் நேரம் செல்கின்றது. அமெரிக்க முடிவுகளை இங்கு அப்படியே பொருத்துதல் கூடாது. சாதியும் பாலினமும் நம் வகுப்பறையில் செயற்படும் விதம் வேறு. ஆயினும் பேச்சுத்துணிவு வீட்டுச்சொத்தாக இறங்குகின்றது என்பதும், பள்ளி தலையிடாவிடில் அது மேலும் ஏற்றத்தாழ்வாகும் என்பதும் இங்கும் சிந்திக்கத் தக்கவை.

5. கேட்கும் சொல்லும் கேட்போர் நிலையும்

தொல்காப்பியம் எச்சவியலில் இரத்தற்பொருள் தரும் சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஆராயப்பெறுகின்றன. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல் ஈ; ஒத்தோன் கேட்பது தா; உயர்ந்தோன் கேட்பது கொடு. ஒரு பொருளைக் கேட்கும் செயலிலேயே கேட்பவரின் சமூக நிலை பதிந்துவிடுகின்றது என்பதை அன்றே கண்ட மரபு நம்முடையது. இன்று இவ்வேறுபாடு சொல்லளவில் வழங்கவில்லை. குரலிலும் உடலசைவிலும் அது வாழ்கின்றது. தலைகுனிந்து, பாதிச்சொல்லை விழுங்கி, கைகட்டிக் கேட்கும் குழந்தை ஈ என்றே கேட்கின்றது. பணிவு வேறு, இரத்தல் வேறு. மரியாதை குன்றாமல், ஒத்தோன் நிலையில் நின்று கேட்கும் பேச்சைக் குழந்தைக்குப் பழக்குவதே பள்ளியின் பணி.

இங்குக் குழந்தையின் வீட்டுமொழி பற்றிய சிக்கல் எழுகின்றது. மதுரை, சிவகங்கைப் பகுதிக் குழந்தை 'அவுக' என்றும், நெல்லைக் குழந்தை 'அவிய' என்றும் சொல்லிப் பழகி வருகின்றது. முதல் வகுப்பில் அது ஆர்வத்தோடு ஒரு செய்தியைச் சொல்லும்போது செய்தியைக் கேளாமல் சொல்லைத் திருத்தினால், தன் வாயில் வருவது தவறு என்பதே அக்குழந்தை கற்கும் முதற்பாடம். எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டா என்பதன்று இதன் பொருள். அதனைக் கற்பிக்காமல் விடுவது ஏழைக் குழந்தைக்குச் செய்யும் பெருந்தீங்கு. செய்திக்கு முதலில் விடையளித்து, அவ்விடைக்குள்ளேயே பொதுவடிவத்தை ஒலித்துக்காட்டுவது போதும். 'அவுக வந்தாக' என்ற குழந்தைக்கு 'அப்படியா, அவர்கள் எப்போது வந்தார்கள்?' என்பதே சிறந்த திருத்தம்.

6. தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியின் பட்டறிவு

2009 இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தன் 17 ஆம் பிரிவில் தடைசெய்கின்றது. அதன் 29 ஆம் பிரிவு, குழந்தையை அச்சத்தினின்று விடுவித்துத் தன் கருத்தைத் தடையின்றி வெளியிடத் துணைசெய்தலைப் பாடத்திட்ட நெறிகளுள் ஒன்றாக வைக்கின்றது. அதே பிரிவு இயன்றவரை தாய்மொழி வழிக் கல்வியையும் வலியுறுத்துகின்றது. அச்சமின்மையும் தாய்மொழியும் ஒரே பிரிவில் இடம்பெற்றிருப்பது பொருத்தமுடையதே. அச்சமின்றிப் பேசுவதற்குக் கைவந்த மொழி வேண்டும்.

சட்டத்திற்கு முன்பே தமிழ்நாட்டில் அதற்கான முயற்சி இருந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08 இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆசிரியரைக் குழந்தைகளோடு பாயில் அமர்த்தியது. குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை அமைத்தது. அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்டு குழந்தை தன் படிநிலையைத் தானே அறியச் செய்தது. நடைமுறையில் குறைகள் இருந்தன. அட்டைகள் இயந்திரமாக நகர்ந்த வகுப்புகளும், பல படிநிலைக் குழந்தைகளை ஒருங்கே கவனிக்க இயலாத ஆசிரியர்களும் உண்டு. ஆயினும் ஆசிரியர் குழந்தையின் கண்மட்டத்தில் அமர்ந்ததே வினாவின் திசையை மாற்றக்கூடிய ஏற்பாடு. 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளை நிலைப்படுத்திக் கற்பிக்கின்றது. பெருந்தொற்றுக்காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய அது இன்றியமையாதது. எழுத்தையும் எண்ணையும் அளக்கும் அதே அக்கறையோடு, ஒரு குழந்தை ஒரு வாரத்தில் தானாக எத்தனை வினா எழுப்பியது என்பதையும் கவனித்துக் குறிக்க வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கும் வேண்டுகோள்.

மேடைப்பேச்சை இத்திறனுக்கு ஈடாகக் கொள்வது பிழை. எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து தலைவர்களைப் பற்றி ஐந்து நிமிடம் முழங்கும் சிறுமிக்குத் தனக்குப் பலகை தெரியவில்லை என்று சொல்லத் துணிவில்லாதிருக்கலாம். பிறர் சொற்களை உரக்க ஒப்பித்தல் வேறு. தன் சொற்களைத் தாழ்ந்த குரலிலேனும் சொல்லுதல் வேறு.

7. எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு, நேரமும் எண்ணிக்கையும் பற்றியது. தொடக்க நிலையில் முப்பது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்பது சட்ட அளவு. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளும் உண்டு. எல்லாரும் வினவினால் பாடம் நகருமா என்பது நேர்மையான கேள்வி. மேரி பட் ரோ 1974 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகின்றது. வினவியபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருந்தனர். அதனை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வாளாவிருந்தோர் குறைந்தனர், மாணவர் எழுப்பும் வினாக்கள் பெருகின. இதற்குத் தேவைப்பட்டவை சில நொடிப் பொறுமையே.

இரண்டாம் மறுப்பு, வினவுதல் ஆசிரியர்மீதுள்ள மதிப்பைக் குலைக்கும் என்பது. வினவுதலைக் கடமையாக விதித்த நன்னூலே ஆசிரியரை நிலத்தோடும் மலையோடும் துலாக்கோலோடும் மலரோடும் ஒப்பிட்டு உயர்த்தியது. நிலத்தின் பொறையுடையவர் வினாவுக்கு அஞ்சவேண்டியதில்லை.

மூன்றாவதே வலியது. தன்பொருட்டு உரைக்கும் திறனை வலியுறுத்தினால், நிறுவனத்தின் கடமை குழந்தையின் தோளில் ஏற்றப்படாதா? கேட்காததால் கிடைக்கவில்லை என்று கைவிரிக்க அது வழியாகாதா? இந்த அச்சம் நியாயமானது. அதற்கான விடையும் வினா வகையிலேயே உள்ளது. தன்னிடமுள்ளதைக் கொடுக்கும் நோக்கத்தோடு, உனக்கு இது இல்லையா என்று கேட்பது கொடைவினா. மாணவரின் கொளல்வினாவுக்கு முன்பே நிறுவனத்தின் கொடைவினா எழ வேண்டும். 'கண்பார்வை தெளிவாக உள்ளதா?', 'சாப்பிட்டாயா?', 'எந்த இடம் விளங்கவில்லை?' என்று உதவும் நோக்கோடு கேட்கும் ஆசிரியரிடமே குழந்தை தானாகக் கேட்கக் கற்கும். 2022 இல் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு விரிவுபெற்ற காலை உணவுத் திட்டத்தை, அரசு எழுப்பிய கொடைவினா எனலாம்.

8. தமிழ்த்துறைகள் செய்யத்தக்கவை

முதலாவது, ஆய்வு. தொடக்கப்பள்ளி வகுப்பறைப் பேச்சை உரிய இசைவோடும் குழந்தைகளின் அடையாளம் காத்தும் பதிவுசெய்து, அதில் நிகழும் வினாக்களை நன்னூல் வகைப்பாட்டின்படி பகுத்தாயும் திட்டங்கள் நம் துறைகளிலிருந்து வரவேண்டும். இலக்கணத்தை இன்றைய வாழ்வின்மேல் பொருத்திப் பார்க்கும் ஆய்வுக்கு இதனினும் தக்க களம் அரிது. வட்டாரம், பாலினம், வகுப்பின் அளவு ஆகியவற்றுக்கேற்ப மாணவர் வினாக்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது இதனால் தெரியவரும்.

இரண்டாவது, பாடநூல். பாடத்தின் இறுதியில் மாணவர் விடையளிக்க வேண்டிய வினாக்கள் நிரல்படுகின்றன. அவற்றோடு, அப்பாடத்தைப் பற்றி மாணவர் தாமே இரண்டு வினா எழுப்பும் பயிற்சியும், ஒன்றைக் கேட்டுப் பெறும் சூழலை உரையாடலாக நடித்துக்காட்டும் பயிற்சியும் முதல் வகுப்பிலிருந்தே நிலையான இடம் பெறவேண்டும். வினா வகைகளை உயர்வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் முன், அவற்றைத் தொடக்க வகுப்பில் வாழ்ந்து பழக வேண்டும்.

மூன்றாவது, நம் கருத்தரங்குகளும் வாய்மொழித் தேர்வுகளும். பள்ளியைக் குறைகூறும் உரிமை நமக்கு வரவேண்டுமானால் நம் அவைகளில் யார் வினவுகின்றனர் என்று முதலில் நோக்கவேண்டும். கட்டுரை வாசிப்புக்குப் பின் முதல் வினா முதுகலை மாணவர்க்கே உரியது என்று வரையறுப்பது எளிய மாற்றம். வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் 'இவ்வினா எனக்கு விளங்கவில்லை' என்று சொல்வதைத் தோல்வியாகக் கொள்ளாதிருப்பது மற்றொன்று.

நிறைவுரை

விடைத்தாளைப் பார்வையிடும் உரிமை தேர்வர்க்கு உண்டென உச்ச நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்தது. மாணவர் குறைதீர் குழு அமைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2023 இல் விதிமுறை வகுத்தது. உரிமைகள் ஏட்டில் பெருகிவருகின்றன. அவற்றைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் கேட்டுப் பழகியோரே. ஒரே சட்டம், ஒரே ஒதுக்கீடு, ஒரே உதவித்தொகை இருந்தும் பயன் சமமாகாததன் காரணங்களுள், ஆறு வயதில் அடக்கப்பட்ட வினாவும் ஒன்று. முதல் தலைமுறை மாணவர்க்குச் சேர்க்கை ஆணையை வழங்கும் சமூகம், அவர் நாவுக்கு அறியாவினாவையும் ஐயவினாவையும் கொளல்வினாவையும் தொடக்க வகுப்பிலேயே வழங்கக் கடமைப்பட்டுள்ளது. அவ்வினாக்களுக்குப் பெயரிட்டு வகைவகுத்துப் போற்றிவரும் மொழியைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அக்கடமை இருமடங்கு.